ஒத்தைக் கம்பி

பாத்துங்க தம்பி, காலைச் சித்தே இக்கட்ட வெச்சுக்கங்க. ஃபேனு கூண்டுல பட்டாப் பரவால்லைங்க, கழுத்துல பட்டறாமப் பாத்துக்கங்க. கழுத்துக்குப் பொறத்தால புதுசா ஒரு வயரு தொங்குது பாருங்க, அதைச் சொல்றேன். அந்தக் கண்டக்டரு இதைத் தூக்கி மேல போடச் சொல்றான். இந்த பஸ்ஸு போடற ஆட்டத்துக்கு மேல போட்டா இது என்னத்துக்கு ஆகும்? மடியில வெச்சுக்கறேன், கொழந்தையாட்ட இருந்துட்டுப் போகுதுன்னேன். மொறைச்சுட்டுப் போயிட்டான்.

புதுசு இல்லீங்க, பழைய ஃபேனுதான். பவானியில காசிம்னு ஒருத்தன் காயில் வைண்டிங் கடை வெச்சிருக்கறான், அவங்கிட்ட ரிப்பேருக்குக் குடுத்து வாங்கிட்டு வர்றேன். நீங்க அந்தியூருங்களா? நான் அதுக்கு முன்னாலயே கரட்டுப்பாளையம் பிரிவுல எறங்கோணும். எம்பேரு நாச்சிமுத்துங்க. ஸ்பின்னிங் மில்லுல முப்பத்தொரு வருசம் ஃபிட்டரு. மிசினு எந்த எடத்துல மொனகுதுன்னு காதை வெச்சே சொல்லிப்போடுவேன். என்னையப் போயி இந்தக் காசிம் கேக்கறான், "இந்த வயரைப் போட்டது ஆருங்கண்ணா?"ன்னு. நாந்தான்டா போட்டேன்னேன். "ஏனுங்கண்ணா இதைப் போட்டீங்க?" அப்படிங்கறான்.

ஏன் போட்டேனா? நீங்களே சொல்லுங்க தம்பி. நான் ஊடு கட்டுனது தொண்ணூத்தி நாலுல. எல்லாரும் வயரிங்குக்கு எலக்ட்ரீசியன் கையக் காட்டுனதை வாங்குவாங்க. நான் ஈரோட்டுக்குப் போயி, கடை கடையா ஏறி எறங்கி, நானே பாத்து எடுத்தேன். சுத்தச் செம்பு, ஒத்தைக் கம்பி. தோலை உரிச்சா உள்ள ஒரே கம்பிங்க, ஆணியாட்ட. வளைச்சா வளைச்ச எடத்துல நிக்கும். இப்ப ஃபேனு, அயன்பாக்ஸுக்கெல்லாம் ஒரு வயரு வருதே, பிளெக்சிபிள்னு, அதைப் பிச்சுப் பாத்திருக்கறீங்களா? உள்ள முடி முடியா இருக்கும். ஊதுனாப் பறக்கும். முடியத் திரிச்சு வெச்சுட்டு அதுக்குப் பேரு வயராம். என்ற செம்பு முப்பது வருசமாச் செவுத்துக்குள்ள கெடக்குது, ஒரு நாளு மக்கர் பண்ணுனதில்ல. அதுல அரைச் சுருளு மிச்சமாச்சு. பரண்ல பத்தரமா வெச்சிருந்தேன்.

என்ற சம்சாரம் துளசிமணிக்கு முந்தின வருசம் ஐப்பசியில வாதம் வந்து எடது பக்கம் விழுந்து போச்சுங்க. வாய் கொஞ்சம் கோணிக்கிச்சு, ஆனாப் பேச்சு இருந்துச்சு. வலது கை நல்லா இருந்துச்சு. ஆளு வெக்கலீங்க நான். தண்ணி வாத்து உடறதுல இருந்து தலை சீவி உடற வரைக்கும் எல்லாம் நாந்தான் பாத்தேன், ஊருக்குள்ள ஆரை வேணாலும் கேளுங்க. முன் ரூம்புல கட்டலு போட்டிருந்தேன். மேல சிமெண்ட் சீட்டு. சீலிங் ஃபேனு போட்டா மேல இருக்கற சூட்டையெல்லாம் அள்ளி மூஞ்சியில கொட்டும். அதனால இந்த டேபிள் ஃபேனு. தை மாசத்துல எலி வந்து இதோட கழுத்து வயரைக் கடிச்சுப் போடுச்சு. பரண்ல இருந்து என்ற செம்பை எறக்கி, வேணுங்கற அளவு வெட்டி, நானே உள்ள விட்டு முடுக்கினேன். வெறைப்பா நின்னுச்சு. பாக்கறதுக்கே அம்சமா இருந்துச்சுங்க.

நேர்க்காத்து வாதத்துக்கு ஆகாது. அது எங்க பக்கம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். அதனால ஃபேன ஒரே பக்கமா நிறுத்தி வெக்க மாட்டேன், தலையாட்ட உட்டுருவேன். அக்கட்டச் செவுத்துப் பக்கம் போயிட்டு இக்கட்டக் கட்டலுப் பக்கம் வரும். மறுபடியும் போகும், மறுபடியும் வரும். அப்படித்தான் பொழுதுக்கும் ஓடும்.

பங்குனி கடைசியில ஆரம்பிச்சா. "ஏனுங்க, இந்த ஃபேனு எம் பக்கம் வந்தா நின்னுக்குதுங்க." போயிப் பாத்தேன். கட்டலைப் பாத்துட்டு நின்னுட்டு இருந்துச்சு. தலையில கை வெச்சு அக்கட்டத் திருப்பி உட்டேன். ஜம்முனு ஓடுச்சு. "அதான் ஓடுதே புள்ள." "நீங்க கை வெச்சா ஓடுதுங்க. அக்கட்ட போயிட்டீங்கன்னா நின்னுக்குதுங்க." இதென்ன பேச்சுங்க தம்பி? நான் இருந்தா ஓடும், நான் போனா நிக்கும்னா, அது என்ன ஃபேனா, வளத்த நாயா? ஒரு நாளு நாற்காலியப் போட்டுட்டு முன்னாடியே உக்காந்தேன். கால் மணி நேரம். அக்கட்ட போச்சு, இக்கட்ட வந்துச்சு, ஒருக்கா நிக்கலையே! "பாத்தியா?"ன்னேன். அவளுக்குக் கண்ணு கலங்கிருச்சு. "நீங்க இருக்கையில நிக்க மாட்டேங்குதுங்க"ன்னா.

எனக்கு என்ன தோணுச்சுன்னா, நான் வெளிய போறது அவளுக்குப் புடிக்கல, அதுக்கு ஒரு சாக்கு. பதினோரு மணிக்குச் சங்கத்துக்குப் போவேன். மில்லுல ரிட்டையர் ஆனவங்க சங்கம். மூணு மணிக்கெல்லாம் வந்துருவேன். பொழுதுக்கும் சீக்காளி மொகத்தையே பாத்துட்டு உக்காந்திருக்க முடியுங்களா? நானும் மனுசந்தானே. சொம்புல தண்ணி, கைக்கெட்டற எடத்துல ஊன்றுகோலு, எல்லாம் வெச்சுட்டுத்தான் போவேன். திரும்பி வந்து பாத்தா ஃபேனு நின்னிருக்கும். அவ வேர்த்து நனைஞ்சு கெடப்பா. கரண்டு போச்சான்னு கேப்பேன். "இல்லீங்க, நின்னுட்டு என்னையே பாத்துட்டு இருக்குதுங்க"ம்பா. கை வெப்பேன், ஓடும். "பொய் சொல்லிப் பழகாத புள்ள"ன்னேன். ஒரு நாளு சொன்னேன். சரி, ரெண்டு மூணு நாளு சொல்லியிருப்பேன். அதுக்கப்பறம் அவ அந்தப் பேச்சே எடுக்கல. சரியாப் போச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்.

எங்களுக்கு ஒரே புள்ளைங்க, கோகிலவாணி. கரூர்ல கட்டிக் குடுத்திருக்குது. துளசி அதுகிட்டப் போனுல சொல்லியிருக்கறா. அது சொல்லாம கொள்ளாம ஒரு புது ஃபேனையே வாங்கிப் பார்சல்ல அனுப்பிச்சுப் போடுச்சு. ஓடற ஃபேனு இருக்கையில இன்னொரு ஃபேனு எதுக்குங்க? அதுவும் நானே வயரு போட்ட ஃபேனு. ஃபிட்டரு ஊட்டுல ஃபேனு ஓடலன்னு மக வாங்கி அனுப்பிச்சாளாம்னு சங்கத்துல பேசுனா, என்ற மொகத்தை எங்க கொண்டு போயி வெக்கறது? பெட்டியப் பிரிக்காமப் பரண்ல ஏத்திப் போட்டேன், அந்தச் செம்புச் சுருளுக்குப் பக்கத்துலயே. துளசி படுத்த எடத்துல இருந்து பாத்துட்டே இருந்தா. 

கத்திரி வெய்யிலு ஆரம்பிச்சு எட்டாம் நாளுங்க. ரோட்டுல கால் வெக்க முடியல. அன்னைக்குச் சங்கத்துல சீலிங் ஃபேனு மொனகுதுன்னாங்க. நான் இருக்கையில வெளியாளை எதுக்குக் கூப்படறதுன்னு, கழட்டி எண்ணெய் போட்டு மாட்டிக் குடுத்தேன். நாலு மணி ஆயிருச்சு. ஊட்டுக்கு வந்து கதவைத் தொறந்தேன். ஃபேனு அவளைப் பாத்துட்டு நிக்குது. அவ ஃபேனப் பாத்துட்டு இருக்கறா. கண்ணு தொறந்திருந்துச்சு. சொம்பு காலி. ஊன்றுகோலு மட்டும் ஃபேனுக்கு அடியில கெடந்துச்சு, கட்டல்ல இருந்து நாலு மொழம் தள்ளி. அது எப்படி அங்க போச்சுன்னு எனக்குப் புரியல. வழக்கம் போலக் கை வெச்சுத் திருப்புனேன். ஓடுச்சு. போயிட்டு அவ பக்கம் வந்துச்சு. அந்தக் காத்துல அவ நெத்தி முடி ஆடுச்சுங்க தம்பி. முந்தானை ஆடுச்சு. எந்திரிக்கறாளாக்கும்னு நெனச்சுட்டேன். "அதான் ஓடுதே புள்ள"ன்னேன். செத்துக் கெடக்கறவகிட்டச் சொல்லியிருக்கறேன் நான்.

டாக்டரு ஒடம்புல நீரு வத்திப் போச்சுன்னாரு. வாதம், வயசு, இந்த வெய்யிலு, என்ன பண்றதுன்னாரு. நான் தண்ணி வெச்சுட்டுத்தானே போனேன்னு கேட்டேன். 

வாணி பொழுதெறங்கையில வந்து சேந்துச்சு. அழுகல. நேரா உள்ள போயி நாற்காலியப் போட்டு ஏறிப் பரணைப் பாத்துச்சு. அந்தப் பெட்டியக் கீழ எறக்குச்சு. ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் சுத்தி உக்காந்து பாத்துட்டு இருக்கறாங்க. பெட்டியக் கிழிச்சு, புது ஃபேன எடுத்து, அவங்கம்மா தலைமாட்டுல வெச்சு, தலையாட்ட உடாம நேரா ஓட உட்டுச்சு. வாதத்துக்கு நேர்க்காத்து ஆகாதுன்னு சொல்ல வாயெடுத்துட்டேனுங்க. நல்ல வேளை, சொல்லல. தூக்கற வரைக்கும் அது ஒரே சீரா ஓடிட்டு இருந்துச்சு.

கருமாதி முடிஞ்சு கெளம்பையில அந்த ஃபேனையும் தூக்கிட்டு வாசல்ல நின்னு எங்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லுச்சு. "அம்மா பொய் சொல்லலைன்னு உங்க வாயால ஒருக்காச் சொல்லுங்கப்பா. அப்பத்தான் மறுபடி இந்த வாசப்படி மிதிப்பேன்." நான் எப்படிங்க சொல்றது? என்ற கண்ணு முன்னாடி ஓடுன ஃபேனுங்க அது. சொல்லல. அன்னையில இருந்து என்ற நம்பர்ல இருந்து கூப்பிட்டா எடுக்கறதில்ல. ஒரு வருசம் ஆச்சு.

இனிச் சொல்றதைக் கேட்டு நீங்க சிரிக்கக் கூடாது. எல்லாரும் போனதுக்கப்பறம் ஒரு மத்தியானம் அவ கட்டல்ல படுத்திருந்தேன். ஃபேனு அக்கட்ட போயிட்டு வருது, வருது, என்ற மூஞ்சிக்கு நேரா வந்துச்சு. றெக்கை மெதுவாச் சுத்தி, மெதுவாச் சுத்தி, ஓஞ்சு நின்னு போச்சு. என்னையப் பாத்துட்டு நிக்குது.  எந்திரிச்சுக் கட்டலை அந்தப் பக்கமா இழுத்துப் போட்டேன். அப்பவும் அது பழைய எடத்தைப் பாத்துத்தான் நிக்குது. ஆளில்லாத எடத்தை. ஆளில்லாத எடமுங்களா அது? அவ அங்கதான் இருக்கறா. எனக்குக் காத்து வரக் கூடாதுன்னு நிறுத்தறா. கோவம் இருக்குமுங்களே.

மறுபடியும் கட்டலைப் பழைய எடத்துலயே போட்டுட்டு, நான் எதிர்ல உக்காந்துக்குவேன். சங்கத்துக்குப் போறதை உட்டுட்டேன். தெனமும் ரெண்டு மணிக்கு ஃபேனப் போடுவேன். வந்து நிக்கும். "வந்துட்டியா புள்ள?"ன்னு கேப்பேன். சாப்பாட்டுக்கு என்ன வெச்சேன், வாணி போனு எடுக்கல, எல்லாம் சொல்லுவேன். கை வெப்பேன், போகும். திரும்பி வந்து நிக்கும். பக்கத்து ஊட்டுக்காரம்மா நான் தனியாப் பேசறதைக் கேட்டுட்டுப் பயந்து, கோயில்ல இருந்து பூசாரியக் கூட்டிட்டு வந்துச்சு. அவரு ஃபேனுக்கு நடு நெத்தியில திருநீறு பூசிட்டுப் போனாரு. இதா பாருங்க, இன்னும் கறை இருக்குது. அதுக்கெல்லாம் அவ போகலீங்க. உசுரோட இருக்கையில நாங்க ரெண்டு பேரும் இவ்வளவு பேசுனதில்ல. கோவமா இருந்தா இருந்துட்டுப் போறா, இருக்கறாளேன்னு இருந்துச்சு.

மூணு நாளைக்கு முன்னால சுத்தமா நின்னு போச்சு. நான் கை வெச்சும் ஓடல. அக்கட்டத் திருப்புனேன், இக்கட்டத் திருப்புனேன், தட்டுனேன், கெஞ்சுனேன். வர்ற வெள்ளிக்கெழம வருசத் தெவசம். அதுக்கு முந்தியே போயிட்டாளா? அதான் தூக்கிட்டுக் காசிம்கிட்ட ஓடுனேன்.

அவன் கழுத்தைக் கழட்டுனான். என்ற வயரை ரெண்டு விரல்ல புடிச்சு அசைச்சான். மேல தோலு நல்லா இருக்குது, உள்ள லொடக்குனு மடங்குது. பிளேடு போட்டுத் தோலைச் சீவுனான். உள்ள கம்பி ரெண்டாக் கெடக்குது தம்பி. ரெண்டு மொனையும் உருகிக் கரியாப் போயிருக்குது. "இது செவுத்துக்குள்ள போடற வயருங்கண்ணா. அங்க அசையாமக் கெடக்கும், எத்தனை வருசமானாலும் இருக்கும். இது தலையாட்டற சாமானு. இதுக்கு முடி வயருதான் போடோணும், அது வளைஞ்சு குடுக்கும். ஒத்தைக் கம்பிய ஒரே எடத்துல மடக்கி மடக்கிப் பிரிச்சா ஒடியாம என்ன பண்ணும்?" எங்கிட்டச் சொல்றானுங்க இதை! கையில பிளேயரு இல்லாதப்ப இரும்புக் கம்பிய மடக்கி மடக்கித்தானே நான் ஒடிப்பேன்? மில்லுல ஆயிரம் தரம் ஒடிச்சிருப்பேன். எனக்குத் தெரியாதா? தெரியுமுங்க. என்ற செம்பு ஒடியும்னு மட்டும் நெனைக்கல.

"ஒரு பக்கம் திரும்புனா மொனை ரெண்டும் பிரிஞ்சுக்குமுங்கண்ணா, ஃபேனு நின்னுக்கும். நீங்க கை வெச்சு மறுபக்கம் திருப்புனா ஒட்டிக்கும், ஓடும். மொதல்ல எப்பவாச்சும் ஒருக்காத்தான் பிரியும், போகப் போக ஒவ்வொரு தரமும் பிரியும். எத்தனை நாளா இப்படி ஓட்டுனீங்க?"ன்னு கேட்டான். ஒரு வருசமா, என்ற சம்சாரம் போனதுக்கப்பறமான்னேன். கண்ணாடிய எடுத்து மாட்டிக்கிட்டு அந்த மொனையவே பாத்தான். "இல்லீங்கண்ணா. பொறி அடிச்சு இவ்வளவு கரி ஏறியிருக்குது. அதுக்கும் முன்னாலயே ஒடிஞ்சிருக்கோணும்." எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். கூட இருந்து பாத்தியாடா நீயி? கரியப் பாத்துத் தேதி சொல்லுவியா நீ, ஜோசியக்காரனா? கடைக்கு வந்தவங்கெல்லாம் திரும்பிப் பாக்கற மாதிரி சத்தம் போட்டேன். அவன் பாட்டுக்கு முடி வயரைப் போட்டான், கழுத்தை முடுக்குனான், ஓட உட்டான்.

நான் பாத்துட்டே நின்னேன். அக்கட்ட போச்சு, இக்கட்ட வந்துச்சு. இதா நிக்கும்னு பாத்தேன். நிக்கல. திரும்பியும் போயி திரும்பியும் வந்துச்சு. நில்லு புள்ள, ஒருக்கா நில்லுன்னு வாய்க்குள்ளயே சொன்னேன். நிக்கவே இல்லீங்க. "காசிமு, பழைய வயரையே போட்டுக் குடுத்துருடா"ன்னேன். என்னைய ஒரு மாதிரி பாத்தான். "பொறி அடிச்சு ஊடு பத்திக்குமுங்கண்ணா, நான் போட மாட்டேன்"னு சொல்லிட்டு, அந்தத் துண்டை மட்டும் பேப்பர்ல மடிச்சுக் கையில குடுத்தான். இந்தா, ஜோப்புல இருக்குது. தொட்டுப் பாருங்க. கையில கரி ஒட்டும், தொடச்சுக்கங்க.

பஸ்ஸு ஏறுனதுல இருந்து எனக்கு அந்த ஊன்றுகோலுதான் கண்ணு முன்னாடி வந்துட்டு இருக்குது. நாலு மொழம் தள்ளிக் கெடந்துச்சுன்னு சொன்னேன் பாருங்க. கை வெச்சாத்தான் ஓடும்னு அவளுக்குத் தெரியும். கை எட்டாது. கோலை நீட்டித் தட்டிப் பாத்திருக்கறா. அதும் எட்டல. அப்பறம் தூக்கி வீசியிருக்கறா. அந்த ஒரு கையில. நான் அந்நேரம் சங்கத்து ஃபேனுக்கு எண்ணெய் போட்டுட்டு இருந்திருக்கறேன், தம்பி.

ஒரு ஒத்தாசை பண்ணுங்க. உங்க போனைச் சித்தே குடுங்க. வெளி நம்பரா இருந்தா வாணி எடுக்கும். நம்பரு நான் சொல்றேன், நீங்களே போடுங்க, இந்த ஆட்டத்துல எனக்கு எழுத்து தெரியல. அடிக்குதுங்களா? குடுங்க.

அலோ. வாணியா? அப்பா பேசறேன் கண்ணு. வெச்சராத. வெச்சராத, ஒரு நிமிசம். ஆரோ பஸ்ஸுல வந்த தம்பி போனு. இல்ல, தெவசத்துக்கு வான்னு கூப்படறதுக்கு இல்ல. ஃபேன ரிப்பேருக்குக் குடுத்தேன். இப்ப நல்லா ஓடுது, அதைச் சொல்லலாம்னு. இல்ல கண்ணு, அது இல்ல. அதுக்கு இல்ல. ஆமா. ஆமா, நின்னுச்சு. அம்மா பக்கம் வந்தா நின்னுச்சு. அம்மா சொன்னது நெசம். பொய் சொல்லல. நான் போட்ட வயரு. வாணி? கேக்குதா?

கட்டாயிருச்சுங்க. அதுவே வெச்சிருச்சா, டவரு போச்சான்னு தெரியல. அழுதுச்சாட்ட இருந்துச்சு. பஸ்ஸு சத்தத்துல சரியாக் கேக்கல. இந்தாங்க போனு. அது திருப்பிக் கூப்பிட்டா, அப்பா எறங்கிட்டாருன்னு சொல்லுங்க. ஊட்டுலதான் இருப்பாருன்னு சொல்லுங்க.

பிரிவு வந்துருச்சு, விசிலடிக்கச் சொல்லுங்க. இல்லீங்க, நானே தூக்கிக்கறேன், கனமில்ல. நல்லா ஓடுதுங்க தம்பி இப்ப. இனி எந்தப் பக்கம் திரும்புனாலும் நிக்காது. ஊட்டுக்குப் போயி அந்தக் கட்டலுக்கு எதிர்ல வெச்சு இதைப் போட்டு உடோணும், அதை நெனச்சாத்தான் எனக்குக் கை ஓட மாட்டேங்குது.